சந்தேகக்கார ஜெனிட்டா தூண்டிலில் சிக்கிய கோடை

நெம்மேலிக் கடைக்காரர்களுக்கு ஜெனிட்டாவைக் கண்டால் கொஞ்சம் அலுப்புதான். பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள். தேதி சரியாக இருந்தால், அந்த அச்சு அசலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சபைக்குப் புதிதாக வந்த போதகர் தன் சொந்த ஊரைச் சொன்னபோது, அந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று குறுக்குக் கேள்வி கேட்டவள் அவள்.

அப்பா ஜெபசிங், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன். அம்மா ரூத், மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றில் அறை சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளர். இரண்டு பேருமே யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு மகள் எப்படிப் பிறந்தாள் என்று சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிளஸ் ஒன் முடித்த விடுமுறையில், கம்ப்யூட்டர் டீச்சர் பிரபாவதி அவளைக் கூப்பிட்டார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பு முகாம், ஒரு வாரம், கட்டணம் கிடையாது என்றார்.

"சும்மா எதுக்கு மிஸ் சொல்லிக் குடுக்குறாங்க? அவங்களுக்கு இன்னா லாபம்?"

"இப்படிக் கேக்குற ஆளத்தான்டி அவங்க தேடறாங்க. கெளம்பு."

முகாமில் ஏசி குளிர் தாங்காமல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த ஜெனிட்டாவுக்கு, முதல் நாளே சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. யாரையும் உடனே நம்பாதே என்று பாடமே நடத்துகிறார்கள்! பயிற்சியாளர் ஹரிகிருஷ்ணன் பேசப் பேச இவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலையே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. அப்பாவின் போன் கடவுச்சொல்லை முதல் முயற்சியிலேயே ஊகித்துச் சொல்லி அவரை நடுங்க வைத்தாள். பிறகு நீளமாக ஒரு வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைக்கச் சொன்னாள். விடிந்ததும் ஜெபசிங்குக்கு அந்த வாக்கியம் மறந்துபோனது. ஷிப்ட் மாறிய தகவல் பூட்டிய போனுக்குள்ளேயே கிடந்தது. மதிய வேலைக்குக் காலையிலேயே போய், கேன்டீனில் டீ குடித்தே பொழுதைப் போக்கினார்.

"திருடனும் தொறக்க முடியாது, நானும் தொறக்க முடியாது. ஒரே பேஜாரா கீது, ஜெனி."

முகாமிலும் அவள் சும்மா இருக்கவில்லை. கல்பாக்கம் விஞ்ஞானி தம்பதியின் மகன் நிதின், லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தவனை நிற்க வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினாள். அன்றிலிருந்து அவன் அவளை 'இன்ஸ்பெக்டர் மேடம்' என்றுதான் கூப்பிட்டான்.

முகாம் முடியப் போகும் சமயத்தில் எல்லோருக்கும் ஒரு செய்தி வந்தது. முகாம் டி-ஷர்ட் தயார், இந்த இணைப்பில் உங்கள் முகாம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய் அளவைப் பதிவு செய்யுங்கள், மாலைக்குள் பதியாவிட்டால் கிடைக்காது என்று இருந்தது. பயிற்சியாளர்கள் போட்டிருந்த கருநீல டி-ஷர்ட்டின் மேல் ஜெனிட்டாவுக்கு வந்த நாளிலிருந்தே ஒரு கண். சட்டென்று பதிந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஹரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டி-ஷர்ட் மெசேஜ் நாங்க போட்ட தூண்டில். பாதிப் பேர் மாட்டியிருக்கீங்க. யார் யாருன்னு சொல்ல மாட்டேன்."

ஜெனிட்டா தரையைப் பார்த்தாள். நிதின் மெதுவாகச் சாய்ந்து, "இன்ஸ்பெக்டர் மேடம், எந்த சைஸ்?" என்றான்.

"மீடியம்." வாய் முந்திக்கொண்டது. வரிசையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். "நாளைக்கு நான் போவல."

ரூத் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏமாறவே தெரியாத பொண்ண பெத்துட்டோமேன்னு பயந்துகினு இருந்தேன்டி. நீயும் நம்ம வூட்டு ஆளுதான். ஒழுங்கா போய் முடிச்சுட்டு வா."

போனாள். ஏன் மாட்டினீர்கள் என்று ஹரிகிருஷ்ணன் கேட்டார். ஜெனிட்டா முதல் ஆளாக எழுந்தாள். "அவசரப்படுத்தினாங்க சார். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்கு ஆசை இருந்திச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பள்ளி திறந்தபின் இன்னொரு செய்தி வந்தது. அரையாண்டு விடுமுறையில் நடக்கும் அடுத்த கட்ட முகாமுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், விவரங்களை அனுப்புங்கள் என்றது. "மறுபடியுமா?" என்று சிரித்து, மோசடி என்று புகாரும் கொடுத்துவிட்டு அழித்தாள். இரண்டு நாளில் போன் வந்தது.

"ஹரிகிருஷ்ணன் பேசறேம்மா."

"நீங்கதான் ஹரிகிருஷ்ணன்னு இன்னா ப்ரூஃப்?"

"கேம்ப்ல சாம்பார் சாதம் நல்லாவே இல்லன்னு எங்கிட்ட சொன்னியே?"

"அத எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். போன வைங்க. காலேஜ் ஆபீசுக்கு நானே போட்டுப் பேசறேன்."

பக்கத்தில் இருந்த ஜெபசிங் தலையில் கை வைத்தார். "அடிப்பாவி, வாத்தியாரையே கட் பண்ணிட்டியே!"

அவள் கல்லூரியின் இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்து அலுவலகத்துக்குப் பேசினாள். அவர்கள் இணைப்பை ஹரிகிருஷ்ணனுக்கே கொடுத்தார்கள்.

"இப்பவாவது நம்புறியா?"

"இப்ப ஓகே சார். சொல்லுங்க."

"அந்த மெசேஜ் நிஜம்தான். தேர்வானவங்கள்ல திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டது நீ ஒருத்திதாம்மா. மத்தவங்க எல்லாம் பார்த்த உடனே விவரத்த அனுப்பிட்டாங்க." அவர் குரலில் அலுப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது.

அந்த முகாமுக்கும் போய் வந்தாள். இப்போதெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். பழைய சொற்பொழிவு கிடையாது. போன வாரம் அத்தை செங்கம்மாள் ஏதோ ஒரு செயலியை இறக்கிவிட்டு, போன் முழுக்க விளம்பரமாக வந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்கு அத்தே போட்டே?"

செங்கம்மாள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "போட்டோல வயசு கொறச்சு காட்டும்னாங்க."

ஜெனிட்டா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அந்தச் செயலியை நீக்கிக் கொடுத்தாள். சிரிப்பை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ரூத்தோடு சேர்ந்து சிரித்துத் தீர்த்தாள்.