அம்மாவின் மூன்று கிதார்காரர்கள்

பத்து வயதில் எனக்கு மூன்று பகையாளிகள் இருந்தார்கள். மூவரும் அமெரிக்காக்காரர்கள், மூவரும் கிதார் வாசிப்பவர்கள், மூவரும் நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்கள். கள்ளக்குறிச்சி என்று ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கி மலைமேல் வைத்துக்கொண்டிருப்பது அவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இறங்கி அதற்கு மேலும் ஜீப்பில் போகவேண்டிய ஒரு சின்ன ஊரில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர், ஆனால் சடை பின்னத் தெரியாது. அவர் பின்னிவிட்ட சடையோடு நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசை முழுக்கச் சிரிக்கும். அவர் வைக்கும் ரசத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

மலையில் அம்மா இருந்த ஊரில் அப்போது டிவி எடுக்காது, போனில் சிக்னலும் கிடைக்காது. பொழுதுபோக்கு என்றால் அவளுடைய பட்டன் போனில் போட்டிருந்த மெமரி கார்டும் அதிலிருந்த பாட்டுகளும்தான். அதற்குப் பாட்டு ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த செல்போன் கடைக்குக் கார்டை எடுத்துக்கொண்டு போவேன். கடைக்கார அண்ணன் எதையும் கேட்டுப் பார்த்து ஏற்றுகிறவர் அல்ல. காதல், சோகம், அம்மன், குத்து என்று அவர் கம்ப்யூட்டரில் மூட்டை மூட்டையாகப் பாட்டு இருக்கும். நாம் எந்த மூட்டை என்று சொன்னால் அப்படியே தூக்கிக் கார்டில் கொட்டிவிடுவார்.

ஒரு வாரம் அம்மா, ஐம்பது அறுபதுகளில் வந்த பழைய பாட்டாகக் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அண்ணனிடம் சொன்னேன். அவர் தேடினார். 'ஐம்பது - அறுபது' என்று ஆங்கில எண்ணில் பெயர் வைத்த மூட்டை ஒன்று கண்ணில் பட்டது. யாரோ ஒரு காலேஜ் பையன் பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து வந்தது அது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். கொட்டினார். நாற்பது பாட்டு. நாற்பதிலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வெறும் கிதார்.

மறு சனிக்கிழமை அம்மா வந்ததும் எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவளோ, "அந்தப் பாட்ட எடுத்துடாதடி, அப்படியே இருக்கட்டும்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு என்னைக் கடைக்கு அனுப்பவே இல்லை. எனக்கு இருந்த ஒரே உத்தியோகமும் போயிற்று.

காலாண்டு விடுமுறையில் என்னையும் மலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே நான் பார்த்தது வேறு ஓர் அம்மா. வீட்டுக்கு வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள், அங்கே சாமைக் காட்டு வரப்பில் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். எதிரில் வருகிற எல்லோரும் அவளிடம் ஏதாவது ஒரு கதை சொன்னார்கள். அவளும் நின்று கேட்டாள், சத்தம் போட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்து வாசலில் பிள்ளைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போனில் பாட்டைப் போட்டு அதை ஓர் எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கினாள். சொம்புக்குள் விழுந்ததும் சத்தம் பெரிதாகி வாசல் முழுக்கக் கேட்டது. கிதார் நிதானமாகத் தொடங்கி, எங்கெங்கோ சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. பெண்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் மூன்று பிள்ளைக்காரி ஒருத்தி கேட்டே விட்டாள்.

"இதுல ஆளு எப்ப பாடும் நர்சம்மா?"

"பாடமாட்டாங்கம்மா. வாசிக்கறதோட சரி."

"ஏன், தொண்ட கட்டிக்கிச்சா?"

வரிசையே சிரித்தது. ஆனால் அடுத்த பாட்டு தொடங்கியதும், ஊசி போட்டு வீறிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே பெண்தான் அந்தத் தாளத்துக்குத் தட்டிக்கொடுத்தாள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பாடாத பாட்டு'.

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு தடவை கேட்பாள். பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் வாசித்தது, எந்த நாட்டுக்காரர், எதுவும் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு, இதை வாசிப்பது மூன்று பேர் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். பெயரும் வைத்திருந்தாள். விரல் ஓடுகிற ஓட்டத்தில் நமக்கே மூச்சு வாங்கவைப்பவர் அவசரக்காரர். எதற்கும் அசையாமல், ஒவ்வொரு சுரத்தையும் உருட்டித் திரட்டிக் கையில் கொடுப்பவர் பெரியவர். மூன்றாமவர் கூச்சக்காரர். அவரைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"சொல்ல வந்தத பாதியில நிறுத்திடுவாருடி. மீதிய நம்மளே சொல்லிக்கணும். கேளேன், இப்ப நிறுத்துவாரு பாரு."

நிறுத்தினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். யாராவது பாடித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

கல்லூரியில் படிக்கும்போது, காதில் தங்கியிருந்த வாசிப்பை வைத்தே இணையத்தில் தேடித் தேடி மூவரின் பெயரையும் கண்டுபிடித்தேன். அந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயர், போன நூற்றாண்டின் நடுவில் அதில் கிதார் வாசித்து நிலைத்தவர்கள் என்று ஒரு வரிசையே உண்டு என்றெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அம்மா பெரியவர் என்று பெயர் வைத்தவர்தான் மூவரில் வயதில் சின்னவராம். மற்றபடி அவள் காது ஓர் இடத்திலும் ஏமாறவில்லை. விடுதி அறையில் கூச்சக்காரரைக் கேட்டபோது, அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் கண்ணை மூடினேன். அவர்மேல் நான் வைத்திருந்த பகைக்காக வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் பத்து வயதில் அந்த ஞானமெல்லாம் ஏது?

அப்போது எங்கள் வீட்டில் ஒரு காகிதம் பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சுகாதார நிலையத்தில் இடம் காலியாகியிருந்தது. மாற்றல் கேட்டு அம்மா விண்ணப்பம் கொடுத்தால் போதும், கிடைத்துவிடும். அப்பா நல்ல கையெழுத்தில் விண்ணப்பத்தை எழுதியே வைத்துவிட்டார். அம்மா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மலைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். கையெழுத்துதான் விழவில்லை.

"இன்னா, போட்டியா? மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்."

"அடுத்த வாரம் பாக்கலாங்க. மழ புடிக்கப் போவுது. மேல ரெண்டு பேரு நெறமாசமா இருக்காங்க."

நிறைமாசக்காரிகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாசற்படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அம்மாதான் எனக்குத் தெரிந்தாள். அந்த மூன்று பேர் இருக்கும்வரை அவள் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று முடிவுகட்டினேன்.

விடுமுறை முடிந்து இருவரும் இறங்கி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் அலமாரிமேல் இருந்தது. கார்டில் இருப்பதையெல்லாம் ஒரே அமுக்கில் துடைப்பது எப்படி என்று கடைக்கார அண்ணன் செய்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஃபார்மட் என்பதை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவசரக்காரர், பெரியவர், கூச்சக்காரர் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

மத்தியானம் அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கார்டைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டாள்.

"பாட்டக் காணமே. நீ எடுத்தியா?"

"இல்லம்மா. தானா போயிருக்கும்."

என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். போகும் வழியெல்லாம் அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கடைக்கார அண்ணன் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அதுவா? ரிப்பேருக்கு வந்த ஒரு காலேஜ் பையனோட லேப்டாப்புல இருந்ததுக்கா, அத்த ஒருத்தரும் கேக்கறதில்ல. சும்மா எடத்த அடைச்சிக்கினு இருந்திச்சி, போன மாசமே அழிச்சிட்டேன்."

"அந்தப் பையன் கிட்ட இருக்காதா?"

"லேப்டாப்ப வாங்கிக்கினு அப்பவே போயிட்டான்க்கா. சேலம் பக்கம்னு சொன்னான். நம்பரு இல்ல."

அம்மா கார்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தான் இருக்குது. இது தானா போனதில்லக்கா. யாரோ ஃபார்மட் குடுத்திருக்காங்க."

நான் சட்டென்று குனிந்துகொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது, நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் அண்ணனிடம் சொன்னாள்.

"நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல. வுடுங்க."

உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். அம்மாவுக்குப் போனைக் கையாளத் தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

வழியில் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கிக் கொடுத்தாள். பிறகு பஸ் நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் என்னை உட்காரவைத்து, சடையை முழுக்க அவிழ்த்து, கைப்பையிலிருந்த சீப்பால் சிக்கெடுத்துப் புதிதாகப் பின்னினாள். அவசரமே இல்லாமல் பின்னினாள். இரண்டு வெள்ளிமலை பஸ் வந்து போயின. பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், இரவில் பயமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். வாய் நிறையக் கொய்யாவோடு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலமே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் நீட்டினாள். தை பிறந்துதான் மலையை விட்டு வருவேன் என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அந்த இரண்டு பெண்களுக்கும் பிரசவம் ஆகி, பிள்ளைகளும் கொஞ்சம் தேறிவிடும் என்பது அவள் கணக்கு. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தார். அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு நான் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பாட்டு இல்லை, ஆகவே மலை இல்லை. இவ்வளவு சுலபமான வேலைக்கு அப்பா மூன்று வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாரே என்று அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

சொன்னபடி தை மாதம் அம்மா இறங்கி வந்தாள். தினமும் காலையில் எனக்குச் சடை பின்னினாள், ரசம் ரசமாக இருந்தது. வீட்டில் பாட்டுச் சத்தம் மட்டும் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

கோடை தொடங்கியபோது, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவின் சுகாதார நிலையத்துக்குப் போனேன். மலையிலிருந்து அந்த மூன்று பிள்ளைக்காரி வந்திருந்தாள். கடைசிப் பிள்ளைக்குக் காது வலியாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில், விசாரித்துக்கொண்டு நர்சம்மாவைப் பார்க்க வந்துவிட்டாள். புளி ஒரு பை கொண்டுவந்திருந்தாள். ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பாடாத பாட்டு இப்பவாவது இருக்குதா நர்சம்மா? மழைக்கப்புறம் நீ போடவே இல்லியே. கொஞ்சம் போடேன். இவன் அதுக்குத்தான் அழுவ நிறுத்துவான்."

"இல்லம்மா. நான்தான் கை தவறி அழிச்சிட்டேன்."

அவள் நம்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஊரு புள்ளைங்க அத்தினி பேருக்கும் ஊசி போட்ட கை. ஒரு நாளு தவறல. இதுல போயா தவறிச்சி?"

அம்மா சிரித்தாள். சிரித்தபடியே அந்தக் கையை விடுவித்துக்கொண்டு என் தலைமேல் வைத்து, என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நல்லவேளை, அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.