மாலை போட்டவருக்கு வந்த நடுக்கம்

தினமும் குடித்துக்கொண்டிருந்த என் கணவர், சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே குடியை அடியோடு நிறுத்தினார். தெருவே மெச்சியது. இரண்டு நாள் கழித்து, பூஜையில் அவர் உடம்பு வெடவெடவென நடுங்கியது. சாமி வந்துவிட்டதென்று சரணம் சொல்லி எல்லோரும் காலில் விழுந்தோம். அவரோ, "கையெல்லாம் நண்டு ஏறுது, தட்டிவிடு" என்று வெறுங்கையை உதறியபடியே இருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஆட்டோவை அழைத்தேன். "மாலை போட்டவன ஆஸ்பத்திரிக்கா இழுத்துட்டுப் போற?" என்று மாமியார் மறித்தார். மீறிப் போனேன்.

"தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துங்க. மருந்து கொடுத்துதான் நிறுத்தணும்" என்றார் டாக்டர்.

கணவர் பிழைத்தார். இப்போது குடியை நிறுத்த மாலை போடப்போவதாக யார் சொன்னாலும், முதலில் டாக்டரிடம் அழைத்துப்போகிறேன். ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்காருவது மாமியார்தான்.

– மண்டபத்தூர் வாசகி, காரைக்கால்