கொழும்புச் சங்கத்தில் எனக்கு வந்த முறை

காலை ஏழரைக்குச் சாத்தான்குளத்தில் பஸ் ஏறினேன். தூத்துக்குடிக்கு அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. போன மாதம் இதே வழியில் போனபோது எதையும் பார்க்கவில்லை. துறைமுகத்தில் லாரி இடித்து மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று போன் வந்திருந்தது. இன்று ஆழ்வார்திருநகரி வயல்கள் கண்ணில் பட்டன. ஆனாலும் எதிரே லாரி வந்தால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மகன் தேறிவிட்டான். மறுபடி துறைமுக வேலைக்கே போவேன் என்கிறான். அன்று நான் போய்ச் சேரும்வரை அவன் கட்டிலருகே இருந்தவர்கள் ஒரு தொழிலாளர் சங்கத்தார். அவர்கள் சொன்னால் கேட்பான். நன்றி சொல்லிவிட்டு, அவனைத் தடுக்கும்படி கேட்கத்தான் போனேன்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "கொழும்புச் சங்கமா? செவப்புக்கொடின்னு சொல்லுங்க, யாரும் காட்டுவாங்க" என்றார் ஓட்டுநர்.

கடற்கரைக்கு அருகே ஓட்டுக்கூரைக் கூடம். கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சூசை அண்ணாச்சிதான் செயலாளர்.

"எங்க தாத்தாமாரு கொழும்பு ஆர்பர்ல மூட்ட தூக்குனவங்க, டீச்சர். அங்கன சொகமில்லாம விழுந்தா கஞ்சி வைக்க ஆளில்ல. அதான் சங்கம் வச்சாங்க. செவப்புக்கொடின்னா மாதா கோயில் சாமியாருக்கு ஆகாது. எவனாச்சும் செத்தா, பொட்டியக் கோயில் வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போயி, பூச முடியுற வரைக்கும் கொடியச் சுருட்டிக்கிட்டு வெளியவே நிப்பாங்களாம். அவரும் கூப்புட மாட்டாரு, இவங்களும் நகர மாட்டாங்க!"

ஊர் திரும்பியவர்கள் சங்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார்க்காரர்களும் உறுப்பினர்கள். யார் படுத்தாலும் மற்றவர்கள் மாறி மாறிக் கட்டிலருகே இருப்பார்கள். அதற்குப் பெயர் 'கட்டில் முறை'.

வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் வேலைய அவன்தான முடிவு பண்ணணும்? நாங்க எப்படித் தடுக்க?" என்றார் அண்ணாச்சி.

கூடம் பெருக்கிக்கொண்டிருந்த பிலோமி நிமிர்ந்தார். "எம் மவன் தெனம் கடலுக்குப் போறான், அக்கா. நான் யார்ட்ட போயிச் சொல்ல?"

வாங்கிப்போன ஆப்பிள் பையை நீட்டினேன். அண்ணாச்சி தொடவில்லை. "எங்களுக்கு எதுக்கு? ஆஸ்பத்திரில ஒடிசாக்காரத் தம்பி கெடக்கான். மத்தியான முறைக்கு ஆளில்ல. முறை வாங்குன வீடு முறை குடுக்கணும், டீச்சர்."

பன்னிரண்டு மணிக்கு வார்டில் உட்கார்ந்தேன். காலில் மாவுக்கட்டோடு அந்த ஒடிசாத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய போன் அடித்தது. திரையில் என் வயதில் ஒரு பெண். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. கேமராவை அவன் முகத்துக்குத் திருப்பி, பிறகு ஏறி இறங்கும் மார்பருகே பிடித்தேன். கை வலித்தது. அந்தம்மா போதும் என்று கையசைக்கிறவரை இறக்கவில்லை.

மாலை திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது வீட்டிலிருந்து மகன் போனில் கூப்பிட்டான். "சங்கத்துல என்னம்மா சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம எனக்கு மறுபடியும் முறை இருக்கு. நீ வேலைக்குக் கெளம்புனா சேந்தே போவோம்" என்றேன்.