கடைசி வேலை நாளின் தீர்ப்பு

அந்த மனிதன் விடுதலையாகிவிட்டான் என்பது நீதிபதி அய்யாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தீர்ப்பைத் தட்டச்சு செய்த சுருக்கெழுத்தர் நான். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் அய்யாவுக்கு அது கடைசி வேலை நாள், அன்றோடு பணி ஓய்வு. விடுதலையாக வேண்டியவனைத்தான் காணவில்லை.

அய்யா ஓசூரில் முன்சீப்பாகத் தொடங்கி, பல ஊர் சுற்றி, மாவட்ட நீதிபதியாக இந்தப் பக்கமே திரும்பி வந்தவர். ஜவளகிரியிலிருந்து வருபவரிடம் கன்னடத்தில் விசாரிப்பார். தெலுங்கில் அழுபவரிடம் தெலுங்கில் கேட்பார். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற நீதிபதிகள் காரணங்களை வாசித்து முடிவுக்கு வருவதற்குள் கூண்டில் நிற்பவருக்குப் பாதி உயிர் போய்விடும். இவர் முடிவை முதலில் சொல்லிவிடுவார். "நெஞ்சு அடிச்சிக்கிட்டு நிக்கிறவர் காதுல காரணம் ஏறாதும்மா" என்பார். எனக்கு அவரிடம் பிடித்த குணம் அதுதான். அவருடைய கிறுக்கல் கையெழுத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

அவன் குருபரப்பள்ளிக்காரன், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அறையில் உடன் தங்கியிருந்தவர் மாடிப்படியில் விழுந்து இறந்தார். இவன்தான் தள்ளிவிட்டான் என்று வழக்கு. அய்யா அன்றைக்குள் தீர்ப்பு சொல்லாவிட்டால், புதிதாக வருபவர் வாதங்களை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அரசு வழக்கறிஞரோ, ஆள் தலைமறைவு, வாரண்ட் பிறப்பிக்க வேண்டும் என்று எழுந்து நின்றார். வாரண்ட் போட்டால் நிரபராதி நேராகச் சிறைக்குப் போவான்.

அவனுடைய வக்கீல் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவன் ஷிஃப்டில் இருக்கிறானாம், செல்போன் கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டுவிட்டதாம். "கம்பெனிக்கே போன் பண்ணுங்களேன்" என்றேன்.

"கேஸ் இருக்கறது அங்க யாருக்கும் தெரியாது மேடம். தெரிஞ்சா வேலை போயிரும். ஷிஃப்ட் முடியட்டும், கேட்டுல என் குமாஸ்தா நிக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தீர்ப்பு என்னன்னு கேக்கல. நல்லதா கெட்டதான்னு முகத்துலயாச்சும் காட்டுங்க."

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். முகமறிந்த அளவே பழக்கமான, தன் தீர்ப்புக்கே வராத அந்த மனிதன் மேல் அப்படி ஓர் எரிச்சல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

வழக்கறிஞர் சங்க அறையில் பிரிவுபசார விழாவுக்கு எல்லாம் தயார். அய்யாவின் மனைவி பட்டுப்புடவையில் காத்திருந்தார். போண்டா ஆறிப்போயிற்று. சங்கத் தலைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அய்யா இருக்கையை விட்டு அசையவில்லை. "கோர்ட் இன்னும் கலையல" என்று மட்டும் சொன்னார். வாரண்ட் கோரிக்கையை மாலை வரை தள்ளிவைத்தார்.

மாலையில், கம்பெனிச் சட்டையும் சேஃப்டி ஷூவுமாக அவன் மூச்சிரைக்க ஓடிவந்து கூண்டில் ஏறினான்.

"ஏன் காலைல வரல?"

"அய்யாவுக்கு இன்னிக்குக் கடேசி நாளுன்னு சொன்னாங்க. எங்க கம்பெனில கடேசி நாளு மெஷினத் தொடவே வுடமாட்டாங்க அய்யா. மாலையப் போட்டு, போட்டோ எடுத்து, மத்தியானமே அனுப்பி வுட்டுருவாங்க. இங்கயும் அப்பிடித்தான்னு நெனச்சிக்கினு ஷிஃப்டுக்குப் போயிட்டேன்."

நீதிமன்றமே சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"உங்க மேல குற்றம் நிரூபணமாகல. உங்களை விடுதலை செய்றேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காலையிலிருந்து கல்லாக வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து அழுதேன். அய்யா காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அவன் இறங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தக் கூண்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் கேட்டுப் பழகியதையே அன்றும் கேட்டான்.

"அடுத்த வாய்தா எப்போங்க அய்யா?"

அய்யா பேனாவை மூடினார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இனிமே உங்களுக்கும் வாய்தா இல்ல, எனக்கும் இல்ல. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."