பன்னிரண்டாவது ‘டக்’

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வார நாட்களில் என்ன செய்கிறாள் என்று எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு ஏறுவதில்லை. சனி, ஞாயிறுகளில் செய்வது மட்டும் நன்றாகப் புரியும். பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து, இடைவெளி தெரியாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கூட்டாளிகளுக்கு அனுப்புகிறாள். அனுப்புவதற்கு முன் அதைத் துடைத்து, மினுக்கி, ஏற்றி, இறக்கி, இரண்டு நாள் பாடுபடுகிறாள். “இது யாரக் கொண்டு பொறந்திருக்கோ” என்று அவள் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

போன வாரம் லீவில் ரெட்டியார்பாளையத்துக்கு வந்தவள், காதில் அந்தப் பெரிய கறுப்பு வளையத்தை மாட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கூட்டாளிகளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. என் அப்பாவின் நினைவு நாள் வருகிறது. பிரான்சில் இருக்கும் என் அக்கா சரசு, நாற்பது வருஷமாக வைத்திருந்த ஒரு கேசட்டைத் தன் பேரனிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, என் மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரு பாட்டு, பிறகு அப்பாவின் பேச்சு, மறுபடி ஒரு பாட்டு என்று மாறி மாறி வரும். அதைச் சுத்தம் செய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு.

“கேளுப்பா. இது முன்ன” என்று ஒரு வளையத்தை என் காதில் வைத்தாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்குள் ஒரு பாட்டு. “இது அப்புறம்.” இரைச்சல் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த ‘ஸ்’ஸோடு நான் நாலு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

“நடுவுல நடுவுல ‘டக்’குனு ஒரு சத்தம் வருதுப்பா. அதையும் தூக்கிடவா?” என்றாள்.

“செத்த இரு” என்றேன். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவுவார்கள் இல்லையா, அந்த வாசனை வந்தால் உங்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்குக் கடை ஞாபகம் வரும். காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அகலத்தில் ஒரு கேசட் பதிவுக் கடை. முதலாளி மார்ட்டின் அண்ணன். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்றால், ஆட்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். எழுத்துப் பிழையைத் தாண்டிப் பாட்டைக் கண்டுபிடிப்பதற்கே தனிப் படிப்பு வேண்டும்.

எங்கள் கடையின் பெருமை ‘நான்ஸ்டாப்’. ஒரு பாட்டின் வால் இறங்கும்போதே அடுத்த பாட்டின் தலை ஏற வேண்டும், நடுவில் மூச்சு விடக் கூடாது. பிரான்சிலிருந்து வக்கான்ஸுக்கு, அதுதான் அவர்களுடைய கோடை லீவுக்கு வருகிறவர்கள், ஆடி மாதம் பட்டியலோடு வந்து நிற்பார்கள். “கேப்பு இருக்கக் கூடாது தம்பி. அங்க பார்ட்டியில போட்டா, கேப்பு வந்தா எல்லாரும் உக்காந்துடுறாங்க” என்பார்கள். கல்யாண மண்டபத்துக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். கேப்பில்தான் சம்பந்தி சண்டை ஆரம்பிக்கிறதாம்.

எனக்கோ சுத்தப் பைத்தியம். ஒரு நாளைக்கு மூன்று முறை, குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்து, டேப் ஓடும் இடத்தைத் துடைப்பேன். பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். அதை முடியளவு திருப்பினால் மூடிக் கிடந்த குரல் துணியை விலக்கியதுபோல் தெளிந்துவிடும். சத்த அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போகாமல் இடது கை பார்த்துக்கொள்ளும். வலது கை கட்டைவிரல் எப்போதும் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டன்மேல். வேண்டாத சத்தம் வந்தால் அமுக்கு, போனதும் விடு. “நீ பாட்ட ஏத்தலடா, சோப்பு போட்டுக் குளிப்பாட்டுற” என்றார் மார்ட்டின் அண்ணன். அன்றிலிருந்து சந்து முழுக்க எனக்குப் பேர் ‘சோப்பு’. யாருக்கும் சோப்பு போடத் தெரியாதவனுக்கு அப்படி ஒரு பட்டம்.

பாட்டைத் தவிர இன்னொன்றும் செய்தோம். பேச்சு கேசட். பிள்ளைகளையும் புருஷனையும் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்கள், வீட்டில் பேசிப் பதிந்துகொண்டு வருவார்கள். நான் அதைத் துடைத்து வேறொரு கேசட்டில் ஏற்றி, நடுநடுவே பாட்டு சேர்த்துக் கொடுப்பேன். சேவல், சைக்கிள் மணி, மீன்காரம்மா எல்லாம் போய்விடும். அரியாங்குப்பத்திலிருந்து வரும் ஒரு அம்மா மெதுவாகக் கேட்பார். “நடுவுல கொஞ்சம் அழுதுட்டேன் தம்பி. அது கேக்காம பண்ணிடு. புள்ள அங்க சோறு திங்க மாட்டான்.” பண்ணிக் கொடுப்பேன். புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. இந்த ஊரிலிருந்து எத்தனையோ பேர் நல்லாத்தான் இருக்கிறோம் என்று கடல் தாண்டிச் சொன்னதில் என் கட்டைவிரலுக்கும் பங்கு உண்டு.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் பதில் வரும். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, “பையன் கொஞ்சம் கறுப்புதான்” என்று அம்மா காதில் அவர் சொன்னதை மாப்பிள்ளை கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அக்கா சம்மதித்தாள். மாமா பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர். கல்யாணமாகி ஆறே மாதத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கு அந்தச் சத்தமான குரலோடு ஒரு இருமலும் இருந்தது. பஞ்சா, பீடியா, எதனால் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. முதலில் அது எங்களுக்கு ஒரு மணியோசைதான். இரண்டு தெரு தள்ளி அவர் இருமுவது கேட்டால் அம்மா தட்டை எடுத்து வைப்பாள். அக்கா போனபிறகு அது மாறியது. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் பேசுகிறவராக அவர் ஆனார். பக்கத்திலேயே இருந்ததால் நாங்கள் அதைப் பழகிக்கொண்டோம். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா போய் மூன்றாம் வருஷம், பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தேன். “அக்காவுக்குப் பேசுப்பா.” அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டை எதற்கு என்று கேட்டேன். “பொண்ணுகிட்ட பேசுறேன் இல்ல” என்றார்.

அரை மணி நேரம் பேசினார். மாடு கன்று போட்டது, எதிர்வீட்டுக்காரன் சுவரை இழுத்துக் கட்டியது, ரேஷனில் கிடைத்த அரிசி. நடுநடுவே இருமல். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, மைக்கைப் பார்த்துச் சொன்னார். “சரசு... இந்த வக்கான்ஸுக்கு...” இருமல். “ஒரு எட்டு வந்து...” இருமல். “பாத்துட்டுப் போம்மா. எனக்கு என்னமோ...” அந்த வாக்கியம் இருமலிலேயே முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊர்க்கதைக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் மார்ட்டின் அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து துடைத்தேன். அப்பா இருமப் போகிறார் என்பது மூச்சை இழுக்கும்போதே தெரியும். அமுக்கு. முடிந்ததும் விடு. அமுக்கி விடுகிற இடத்தில் ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம் விழும், அந்த மெஷினில் அது மட்டும் போகாது. அக்காவைக் கூப்பிட்ட அந்த வாக்கியத்தை மூன்று தடவை முயன்றேன். இருமலும் சொல்லும் பின்னிக் கிடந்தன. இருமலை எடுத்தால் ‘சரசு, வந்து, போம்மா’ என்று அரைகுறையாக நின்றது. அசிங்கமாக இருந்தது. என் கை பட்ட கேசட் அப்படிப் போகக் கூடாது என்று நினைத்தேன். முழு வாக்கியத்தையும் ஒரே அமுக்கில் தாண்டினேன். லெட்டரில் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். எழுதவில்லை.

அந்த இடத்தை ஒட்டி அக்காவுக்குப் பிடித்த பாட்டை மெதுவாக ஏற்றினேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் சில்லுகள் இருக்கும். உடைத்துவிட்டால் அப்புறம் அதன்மேல் எதுவும் பதிய முடியாது. அக்காவுக்குப் போனதில் மறக்காமல் உடைத்தேன். அப்பா பேசிய அசலில் உடைக்கவில்லை, கேசட் வீணாகுமே. அன்று சாயங்காலமே அதன்மேல் ஒரு கல்யாண நான்ஸ்டாப்பை ஏற்றிக் கொடுத்தேன். கேப்பே இல்லாமல் வந்திருக்கிறது என்று மண்டபத்துக்காரர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அனுப்புவதற்கு முன் போட்டுக் காட்டவா என்று அப்பாவைக் கேட்டேன். “நான் பேசுனத நானே கேட்டு இன்னாடா பண்றது? அனுப்பு” என்றார்.

ஆனியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். அப்பா குரல் கணீரென்று இருக்கிறது, முன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறார், கேட்டு நிம்மதியாக இருக்கிறது, இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் வக்கான்ஸுக்குக் குழந்தையோடு வருகிறோம் என்று எழுதியிருந்தாள்.

அப்பா முழுதும் கேட்டுவிட்டு, “வேற ஒண்ணும் எழுதலியா?” என்றார்.

“இல்லியேப்பா.”

“நான் கூப்ட்டதுக்கு?”

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் எழுதியிருப்பதுபோல. “இல்லப்பா” என்றேன்.

“வேலயா இருப்பா” என்றார். இருமினார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்கே அக்காவுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நான் வெட்டியது தெரிந்துவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று ஆடி போனது, ஆவணி போனது. ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் அப்பா போய்விட்டார். கூப்பிட்டும் பெண் வரவில்லை, பதிலும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். கடிதம் வந்த அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவைத் திட்டியிருந்தாலாவது நான் வாயைத் திறந்திருப்பேன்.

அக்கா பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். நான் பந்தல்காரரிடம் பேச வேண்டும் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்ளோ நல்லா பேசியிருக்காரு பாருடா. ஒரு இருமல்கூட இல்லியே தம்பி. ஆறே மாசத்துல எப்பிடிடா?”

“திடீர்னுதான்க்கா” என்றேன். அடுத்த மாதமே கடையை விட்டுவிட்டு ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் கணக்கெழுதப் போனேன். சோப்பு என்று கூப்பிடுகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைந்து, இல்லாமல் போனார்கள்.

அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது மகள் போனை நீட்டினாள். அக்கா தன் குரலிலேயே பேசி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “கண்ணு, அந்த டக்கு டக்குனு வர்றத மட்டும் எடுத்துடாத. தாத்தா பட்டன அமுக்கி அமுக்கி, யோசிச்சு யோசிச்சுப் பேசியிருக்காரு. ஒவ்வொரு டக்குக்கும் என்னமோ சொல்ல வந்து நிறுத்தியிருக்காருன்னு எனக்குத் தோணும். இன்னாவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன்.”

மகள் எனக்காக முதலிலிருந்து போட்டாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். அப்பா சத்தமாக, தெளிவாக, நோய்நொடி இல்லாத ஒரு மனிதராகப் பேசினார். இப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. நான் ‘டக்’குகளை எண்ணினேன். பதினேழு. மில்லின் சங்கு போய்விட்டது. கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். மார்ட்டின் அண்ணனும் போய்விட்டார். அப்பாவின் முகம் படத்தில் இருக்கிறது, குரல் இதில் இருக்கிறது. அவருடைய இருமல் மட்டும் உலகத்தில் எங்கும் இல்லை. அதை இன்னொரு தடவை கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மகள் வளையத்தை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டாள். திரையில் ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. எண்ணிக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவது கோட்டின்மேல் விரலை வைத்தேன். அதற்குப் பிறகு அக்காவுக்குப் பிடித்த பாட்டு ஆரம்பிக்கிறது.

“இங்க அத்தைய வரச் சொன்னாரு” என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு காதின் வளையத்தை மட்டும் விலக்கினாள். “இன்னாப்பா சொன்ன?”

“ஒண்ணுமில்லம்மா. நல்லா வந்திருக்கு. அனுப்பிடு.”

அனுப்பிவிட்டாள்.