கரிக்கு உபயம் இல்லை

எங்கள் பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஓடிய பஸ்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அது யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் மற்ற வண்டிகள் எங்கள் தடத்தைக் கைவிட்டுவிட்டன. ஊரார் சேர்ந்து ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, பின்பக்கம் பெரிய கரி அடுப்பைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். அதுவரை நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோயிலுக்குக் கொடுத்துத்தான் பழக்கம். கொடுத்தால் பெயர் எழுத வேண்டும். ஹாரன் இன்னார் உபயம், முன்விளக்கு இன்னார் உபயம். படுதா, மணி, கண்ணாடி எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பெயர். ஏறும் படியில்கூட ஒருவர் தன் தகப்பனார் பெயரை எழுதிவைத்தார். தினமும் மிதித்துத்தான் ஏறினோம். கரி மட்டும் யாருடைய உபயமும் இல்லை. எரிந்து சாம்பலாகிற பொருளில் பெயரை எங்கே எழுதுவது? டிக்கெட் காசு டிரைவர் சம்பளத்துக்கே பற்றவில்லை.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கணவர் காய்ச்சலில் போனபின் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் இன்னொருவர் சோற்றைத் தின்கிறோம் என்பது ஒவ்வொரு கவளத்திலும் தெரியும். பூந்தமல்லியில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் ஒழுங்காகப் போய்விட்டால் வேலை, சம்பளம். மூன்று நாள் தாமதமாக வந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வயது வரம்பு இருந்ததால் மறுவருஷம் சேரவும் வழியில்லை.

இரண்டு முறை வண்டி பாதி வழியில் நின்றது. டிரைவர் முகமெல்லாம் கரியோடு இறங்கி வந்தார்.

“கரி ஈரமா கீதும்மா. நல்ல கரி வாங்க துட்டு குடுக்க மாட்றாங்க. நான் இன்னா பண்றது, என்னையே போட்டு எரிக்கவா?”

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு நடந்தேன். இரண்டு நாளும் தாமதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். தாலியறுத்தவள் சபையில் நின்று பேசுகிறாளே என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். ஊர் மணியக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

“பெரியப்பா, ஏரி மீன் குத்தகைப் பணம் வருசா வருசம் வருது. அதுல ஒரு பங்க கரிக்கும் டயருக்கும்னு எப்பவும் ஒதுக்கி வைங்க. வண்டி நிக்காம ஓடும்.”

அவர் சிரித்தார். “இன்னாம்மா, ஊர்த் துட்ட கரியாக்கச் சொல்றியே!”

அவ்வளவுதான், சபையே கொல்லென்று சிரித்தது. வீண் செலவுக்கு நாம் சொல்கிற அந்த ஒரு வார்த்தையில் என் நியாயம் அடிபட்டுப் போயிற்று. கரியை வாங்கினால்தானே ஐயா வண்டி ஓடும் என்று நான் கத்தியது எவர் காதிலும் ஏறவில்லை. வண்டி மழையில் நனைகிறது, மீன் பணத்தில் ஒரு ஷெட் கட்டுவோம், குறைகிற பணத்துக்குக் கை கொடுப்பவர்கள் பெயரைக் கல்லில் பொறிப்போம் என்று முடிவாயிற்று. உடனே நாலைந்து பேர் பெயர் கொடுத்தார்கள். தூ என்று துப்பலாம் போலிருந்தது.

புதன்கிழமை வண்டி மூன்றாம் முறை நின்றது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கிவிட்டது. தலைமை ஆசிரியை நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதிவேட்டில் என் பெயர்மேல் கோடு இழுத்தார். அழக்கூட இல்லை நான். திரும்பும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மணியக்காரர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார்.

“நம்ம ஊர்ல உன் கையெழுத்துதாம்மா முத்து முத்தா கீது. ஷெட்டுக் கல்லுல பொறிக்க இந்தப் பேருங்கள நல்லா எழுதிக் குடு.”

“நேத்து என்னைப் பயிற்சியில இருந்து நீக்கிட்டாங்க பெரியப்பா. வண்டி நின்னுபோச்சி.”

“அடப்பாவமே!” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு தாளை என் கையில் வைத்து, “சரி, இனிமே ஊட்லதானே கீற. அவசரமில்ல, சாவகாசமா எழுது” என்றார்.

அவர் கண்முன்னாலேயே தாளை நாலாகக் கிழித்து, எரிகிற அடுப்பில் போட்டேன். அண்ணன் பதறிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து கூலிக்கு நெல் குத்தப் போனேன்.