கழுதையை எழுத வையும், ஆண்டவரே!

போன செவ்வாய்க்கிழமை காலை. பி.ஏ. கடைசி வருஷம், பொருளாதாரப் பேப்பர். நான் இருந்த இடம்? மாட்டுங்காவில், பரீட்சை மண்டபத்துக்கு எதிரே உள்ள இரானி ஹோட்டல். முன்னால் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா.

சிரிக்காதீர்கள். ஆபீஸுக்கும் போய்க்கொண்டு, தலையில் வழுக்கையும் விழுந்த பிறகு படிக்கிறவன் நான். மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். போன தடவை அதில்தான் கோட்டை விட்டேன். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்புக்கே முழுக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எழுதிப் பெயிலாவதைவிட எழுதாமலே பெயிலாவது கௌரவம் இல்லையா?

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட எங்கள் தாராவிச் சாலில் செல்வமணி அக்கா என்று ஒருவர். பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. அக்கா ஜெபித்தால் ஆண்டவரிடம் எதையும் மறைக்க மாட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தலையில் கை வைத்து ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, தம்பிக்கு மூள கம்மின்னு ஒமக்கே தெரியும். பிலேயாமோட கழுதையவே பேச வச்ச தேவன் நீரு. தம்பிய எழுத வையும்!"

எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். என் மனைவியின் ஆமென்தான் சத்தமாக இருந்தது.

அது கிடக்கட்டும். இரானி ஹோட்டலுக்கு வருவோம். பன்னை வாயருகே கொண்டு போகிறேன்... முதுகில் ஒரு தட்டு. அக்காவின் வீட்டுக்காரர், தன்ராஜ் அண்ணன்!

"என்னடே, இங்கன உக்காந்திருக்க? பரீட்ச இல்ல?"

"நீங்க எங்கண்ணே இங்க?"

"வீட்டுல அடுப்பே மூட்டலடே! பொம்பளைய அத்தன பேரும் ஒனக்காவ உபவாசம். நீ எழுதிட்டு வந்தாத்தான் பச்சத்தண்ணியே குடிப்பாளுவளாம். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன் என்ன செய்ய? பன்னு திங்க வந்தேன்."

பன்னைத் திரும்பத் தட்டில் வைத்தேன். இந்த மே மாத வெயிலில் தண்ணீர்கூட இல்லாமலா? எனக்காகவா?

"எந்திரிடே!" என்றார் அண்ணன். "நீ ஓடு. பில்ல நான் பாத்துக்கிடுதேன்."

ஓடினேன். கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தேன். தெரிந்ததை எழுதினேன், தெரியாததை இன்னும் விரிவாக எழுதினேன். நடுவில் எழுந்துவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் வறண்ட உதடுகள் வரிசையாகக் கண்ணில் நின்றன. கடைசி மணி அடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் அத்தனை பேரும். எப்படி எழுதினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. செல்வமணி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மொகம் வாடிக் கெடக்கே தம்பி... சாப்டியா?"

முதல் டம்ளர் கஞ்சி எனக்குத்தான் வந்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தூங்கியும் இருக்கிறேன். அந்த டம்ளர் அளவுக்கு எதுவும் என்னை உலுக்கியதில்லை.

இரானி ஹோட்டல் விஷயத்தைப் பற்றி அண்ணன் மூச்சு விடவில்லை. விடுவாரா? அவரும் பன் தின்ற கேஸ்தானே!

இன்னும் ரிசல்ட் வரவில்லை. அது வருகிற நாளுக்கும் உபவாசம் உண்டா என்று அண்ணன் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.